சால்மோனெல்லாவின் நோயாக்க மரபணுக்களும் குடல் அழற்சியும்

பாக்டீரியாவின் நோயாக்க மரபணுக்கள் உடலின் எதிர்ப்பிலிருந்து தப்பிக்க உதவுபவை என்பது பரவலான கருத்து. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபிமூரியத்தைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். இந்தக் கிருமி எதிர்ப்பைத் தானே தூண்டிவிட்டு, அதனால் ஆதாயமும் அடைகிறது. ‘நோயாக்கத் தீவு 1’ எனப்படும் மரபணுத் தொகுதி, ஊசி போன்ற சுரப்பு அமைப்பு ஒன்றை உருவாக்குகிறது. அதன் வழியே குடற்செல்லுக்குள் இறங்கும் சோப்-பி, சோப்-இ2 முதலிய புரதங்கள் பாக்டீரியாவுக்கு வழி திறப்பதோடு அழற்சியையும் கிளப்புகின்றன. நியூட்ரோஃபில்கள் எனும் வெள்ளை அணுக்கள் திரண்டு வந்து வீரியமிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. அவை குடலிலுள்ள தயோசல்ஃபேட்டை டெட்ராதயோனேட்டாக மாற்றுகின்றன. ஆக்ஸிஜன் அருகிய குடலில் அதைக் கொண்டே சால்மோனெல்லா சுவாசிக்கிறது என்றும், நொதித்தலை நம்பி வாழும் குடல்வாழ் பாக்டீரியாக்களை அதனால் முந்துகிறது என்றும் 2010இல் நேச்சர் இதழில் வந்த எலி ஆய்வு காட்டியது.

அழற்சி தற்செயலான பக்கவிளைவு, எந்தக் கிருமியின் மேலுறையைக் கண்டாலும் உடல் அப்படித்தான் சினந்தெழும் என்று ஒருவர் மறுக்கலாம். 2007இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. மேலுறை மாறாமல், நோயாக்க மரபணுக்களை மட்டும் இழந்த சால்மோனெல்லாவால் எலியின் குடலை அழற்றவும் முடியவில்லை, அங்கு நிலைக்கவும் முடியவில்லை. குடல்வாழ் பாக்டீரியாக்கள் அதை விரட்டின. வேறு காரணத்தால் முன்பே அழன்றிருந்த குடலிலோ அதே கிருமி செழித்தது. அதற்குத் தேவைப்பட்டது அழற்சிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. திசுவுக்குள் நுழையும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றனவே, லாபம் யாருக்கு என்ற கேள்வி இன்னும் கடினமானது. கூட்டத்தில் ஒரு பகுதியே அந்த மரபணுக்களை இயக்குகிறது; குடற்குழியில் தங்கிவிட்ட அதன் மரபுச் சகோதரங்கள் பலனை அனுபவிக்கின்றன.

எல்லாச் சால்மோனெல்லாக்களும் இப்படி நடப்பதில்லை. டைபாய்டை உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபி எதிர்வழியில் போகிறது. அதன் வி-ஏ-பி மரபணுத் தொகுதி, ‘வி’ எனும் சர்க்கரை உறையைப் போர்த்தி மேலுறையை மறைக்கிறது. அத்தொகுதியின் டிவி-ஏ மரபணு, உடல் எளிதில் அடையாளம் காணும் கசையிழைப் புரதத்தின் உற்பத்தியையும் அடக்குகிறது. டைபாய்டு வயிற்றுப்போக்கைவிட நீண்ட காய்ச்சலாகவே வெளிப்படுவதற்கு இது முக்கியக் காரணம் என்று கருத இடமிருக்கிறது. ஆனால் அந்த உறையையே புரதத்தோடு இணைத்துக் கொடுத்தால் உடல் அதை இனங்காணப் பழகுகிறது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த டைபாய்டு இணைவுத் தடுப்பூசி இப்படித்தான் வேலை செய்கிறது.