பூட்டி வைக்கப்பட்ட மருந்து: இந்தியாவில் மார்ஃபினின் வரலாறு

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறும்போது வடியும் பால் உறைந்து அபினாகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளுநர் ஸெர்ட்யூர்னர் அதிலிருந்து பிரித்தெடுத்த மார்ஃபின், கடும் வலியைத் தணிக்கும் மருந்துகளில் இன்றும் முதன்மையானது. அதுவும் அதைப் போலவே நரம்பு மண்டலத்தில் செயல்படும் பிற மருந்துகளும் ஓபியாய்டுகள் எனப்படுகின்றன. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் கசகசாவைப் பயிரிட, காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகள் அபினைப் பதப்படுத்தி வந்துள்ளன. உலகின் மருந்துத் தேவைக்காகச் சட்டப்படி அபினை ஏற்றுமதி செய்த இந்த நாட்டிலேயே, புற்றுநோயாளிகள் மார்ஃபின் கிடைக்காமல் துடித்தார்கள்.

போதைப்பொருள் கடத்தலை ஒடுக்க 1985இல் இயற்றப்பட்ட போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், குறைந்தபட்சம் பத்தாண்டுச் சிறை போன்ற கடுந்தண்டனைகளை விதித்தது. மருத்துவப் பயன்பாட்டை அது தடை செய்யவில்லை. ஆயினும் மாநிலங்கள் வகுத்த விதிகளின்படி, மருந்தை வாங்கவும் வைத்திருக்கவும் கொண்டுசெல்லவும் தனித்தனி உரிமங்களைப் பல துறைகளிலிருந்து பெற வேண்டியிருந்ததாலும், ஒன்று வந்து சேர்வதற்குள் மற்றொன்று காலாவதியானதாலும், மருந்தகங்கள் மார்ஃபினை வைத்திருப்பதையே கைவிட்டன. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோவாக இருந்த நாட்டின் பயன்பாடு 1997இல் சுமார் 18 கிலோவாகச் சரிந்தது. மார்ஃபினைக் கையாண்டே பழகாத ஒரு மருத்துவத் தலைமுறையும் இக்காலத்தில் உருவாயிற்று.

இதே காலத்தில்தான், 1986இல், உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான வழிமுறையை வெளியிட்டு, மருந்தை வாய்வழியாகவும், வலி திரும்பும்வரை காத்திராமல் குறித்த நேரத்திலும், வலியின் கடுமைக்கேற்பப் படிப்படியாகவும் தருமாறு வலியுறுத்தியது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம், அதாவது நோய் தீராத நிலையிலும் துன்பத்தைக் குறைக்கும் சிகிச்சைக்கான அமைப்பு, இவ்வழிமுறையைக் கேரளத்தின் வீடுகளுக்குள் கொண்டுசென்றது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நீடிப்பதால், அது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தரப்படுகிறது. குறைந்த அளவில் தொடங்கி, வலியையும் மயக்கத்தையும் மூச்சின் வேகத்தையும் கவனித்தே அளவு கூட்டப்படுகிறது. ஏறக்குறைய தவறாமல் வரும் மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்க்கப்படுகிறது. மதுவோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் மூச்சு ஒடுங்கக்கூடும் என்பதும், நாட்பட உட்கொண்டதைத் திடீரென நிறுத்தலாகாது என்பதும், ஒருவருக்கு எழுதிய மாத்திரையை வேறொருவர் தொடலாகாது என்பதும் குடும்பத்தாருக்குச் சொல்லித் தரப்பட வேண்டியவை.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மார்ஃபின் கள்ளச்சந்தைக்குப் போய்விடும் என்ற அச்சத்துக்குக் கோழிக்கோடே விடையளித்தது. அங்கு ஈராண்டுகளில் வாய்வழி மார்ஃபின் பெற்ற 1723 நோயாளிகளைப் பற்றி 2001இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, மருந்து திசைமாறியதற்கோ முறைகேடாகப் பயன்பட்டதற்கோ சான்று எதையும் காணவில்லை. விதிகளை எளிதாக்குமாறு 1998இல் மத்திய அரசு கேட்டுக்கொண்டும் பல மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் தாமதித்ததால், 2014இல் சட்டமே திருத்தப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட இன்றியமையா மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே உரிம முறை வகுக்கப்பட்டது.

எதிர்த்திசையில் நேர்ந்த பிழைக்கு அமெரிக்கா சான்று: 1996இல் அங்கு விற்பனைக்கு வந்த ஆக்ஸிகாண்டின் என்னும் ஓபியாய்டு மாத்திரை, அடிமையாக்கும் தன்மை குறைத்துக் காட்டப்பட்டு, நாட்பட்ட வலிகளுக்கெல்லாம் பரவலாக எழுதித் தரப்பட்டதில் எண்ணற்றோர் பழக்கத்துக்கு அடிமையாகி உயிரிழந்தனர். அச்சத்தால் மருந்தை மறுத்ததும் இலாபத்துக்காக வாரி வழங்கியதும் நோயாளியைக் கண்ணெடுத்துப் பாராத ஒரே தவற்றின் இரு வடிவங்கள். ஓபியாய்டின் பாதுகாப்பு, பயிற்சி பெற்ற மருத்துவர், ஒழுங்கான பதிவேடு, விவரமறிந்த குடும்பம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமையும் இடத்தில்தான் உறுதியாகிறது. சட்டம் திருந்திய பின்னும் அவற்றை மாவட்டந்தோறும் உருவாக்கும் கடமை நிறைவேறாமலே இருக்கிறது.