தொட்டித் தண்ணி பளிச்சுனு இருந்தும் மீன் சாகுதா? கார்பன் ஃபில்டர் என்ன செய்யும், என்ன செய்யாது?

மீன் தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். ஆனா மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். 'ஃபில்டர்ல கார்பன் போட்டிருக்கோமே, அப்புறம் ஏன்?' என்பதுதான் புதிதாக மீன் வளர்ப்பவர்களின் குழப்பம்.

ஆக்டிவேட்டட் கார்பன் என்றால் என்ன?

கொட்டாங்குச்சி, மரம், நிலக்கரி போன்றவற்றைக் காற்று அதிகம் படாமல் சூடாக்கிக் கரியாக்குவார்கள். பிறகு சுமார் 900 டிகிரி செல்சியஸில் நீராவி செலுத்துவார்கள். இதனால் கரிக்குள் எண்ணற்ற நுண்துளைகள் உருவாகும். இந்தத் துளைச் சுவர்களை விரித்துப் போட்டால், 1 கிராம் கரியின் பரப்பே சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். அதாவது கிட்டத்தட்ட கால் ஏக்கர்! சாதாரண அடுப்புக்கரியில் இவ்வளவு துளைகள் இல்லை.

எப்படி வேலை செய்கிறது?

துணி தண்ணியை உறிஞ்சுவது போல இது உறிஞ்சுவதில்லை. தண்ணீரில் கரைந்த பொருட்கள் துளைச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பெயர் பரப்புக் கவர்ச்சி.

எதை நீக்கும்?

* அலங்கார மரக்கட்டையால் வரும் மஞ்சள் நிறம்
* கெட்ட வாடை
* மருந்துகளின் சாயம்
* ஓரளவு குளோரின்

எதை நீக்காது?

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட். சிக்கலே இங்கதான். மீன் கழிவிலும் மிச்சமான தீனியிலும் இருந்து வரும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. தண்ணி பளிச்சுனு இருந்தாலும் அது மீனைக் கொல்லும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் வளரும் பாக்டீரியாக்கள்தான் அம்மோனியாவை மாற்றி, ஆபத்தைக் குறைக்கும். புதுத் தொட்டியில் இவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீன்களைக் குறைவாக விட்டு, தீனியை அளவாகப் போட்டு, அடிக்கடி கொஞ்சம் தண்ணீரை மாற்ற வேண்டும். டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியா அளவையும் பார்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை

* புது கார்பனை நன்றாகக் கழுவி, கரித்தூள் போன பிறகு போடவும்.
* அழுக்கு அடைக்காமல் இருக்க, தண்ணீர் ஸ்பாஞ்சைத் தாண்டி வரும் இடத்தில் வைக்கவும்.
* மீனுக்கு மருந்து போடும்போது கார்பனை வெளியே எடுத்துவிடவும். இல்லாவிட்டால் பல மருந்துகளை அதுவே பிடித்துக்கொள்ளும்.
* பொதுவாக 3 முதல் 4 வாரங்களில் மாற்றவும். துளைகள் நிரம்பிய கார்பனைக் கழுவினாலும் வெயிலில் காய வைத்தாலும் புதுசாகாது.
* கார்பனையும் ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். நல்ல பாக்டீரியாக்களும் போய்விடும்.

சுருக்கமா சொன்னா, கார்பன் தண்ணியைத் தெளிய வைக்கும். மீனைக் காப்பாத்துறது பாக்டீரியாவும் தண்ணி மாத்துறதும்தான்.