கம்பியா, காற்றா?

கெங்குவார்பட்டியில் சித்தப்பா வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். தளம் போட்டாச்சு. அடுத்து சுவரை வெட்டி பைப் பதித்துப் பூச வேண்டும். லைட், ஃபேன், மோட்டார், கேட் கேமரா எல்லாவற்றையும் போனிலேயே இயக்க வேண்டுமாம். "அதுக்குத் தனி ஒயர் இழுக்கணுமா, ஒயர்லெஸ் போதுமாப்பா?" என்று என்னிடம் கேட்டார். நான் படிப்பது பி.காம். ஓம் விதியெல்லாம் பத்தாம் வகுப்போடு போயிற்று. ஆனாலும் தேடிப் படித்ததில், இதே கேள்விக்கு நம்ம தேனி மாவட்டத்திலேயே ஒரு பழைய கதை கிடைத்தது. அது வீட்டுக் கதை இல்லை, கண் ஆஸ்பத்திரிக் கதை.

அதற்கு முன் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975-லேயே ஸ்காட்லாந்தில் பைகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. வீட்டில் ஏற்கெனவே ஓடும் கரண்ட் ஒயரிலேயே கட்டளையையும் அனுப்பும் முறை அது. புது ஒயர் வேண்டாம். நல்ல யோசனைதான். ஆனால் கரண்டில் இரைச்சல் கலந்தால் கட்டளை தொலைந்துபோகும், சில வீடுகளில் லைட் தானாகவே எரியும்! பிறகு 1990-களில் ஐரோப்பாவில் தனி ஒயர் முறை வந்தது. 2000-க்குப் பிறகு இசட்-வேவ், ஜிக்பீ என்று ரேடியோ முறைகள் வந்தன. அந்தக் கதை அவ்வளவுதான்.

இனி தேனி. மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-ல் தேனியில் ஒரு கிளை திறந்தது. கண்ணில் புரை விழுந்த ஒரு பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் பஸ் செலவு, துணைக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி போச்சு. எனவே "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். பார்வை போய்க்கொண்டே இருக்கும். இதற்காக ஆண்டிபட்டி, போடி, பெரியகுளம் போன்ற ஊர்களில் சின்னச் சின்னக் கண் மையங்கள் வந்தன. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பரிசோதிப்பார்கள். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பேசி முடிவு சொல்வார்.

வீடியோ போக வழி? 2004-ல் இந்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கையில் 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். அதுவும் எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை. ஆஸ்பத்திரி தானே 15 கிலோமீட்டர் கம்பி இழுக்கவா முடியும்? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் புரூவரின் குழு ஒரு வழி சொன்னது: நம் வீட்டில் இருக்கும் அதே வை-ஃபை, உயரமான டவரில் ஒன்றையொன்று பார்க்கிற ஆன்டெனாக்களோடு. 24 முதல் 42 மீட்டர் உயர டவர்கள். ஓர் இடத்தில் ஜவுளி ஆலையின் புகைபோக்கி மேலேயே மாட்டினார்கள்.

வை-ஃபை அவ்வளவு தூரத்துக்கென்று செய்யப்பட்டதில்லை. ஒரு தகவலை அனுப்பிவிட்டு "கிடைத்தது" என்ற பதிலுக்கு மைக்ரோ நொடிக் கணக்கில்தான் காத்திருக்கும். 15 கி.மீ. போகவே 50 மைக்ரோ நொடி ஆகும், திரும்பி வர இன்னொரு 50. அதற்குள் "தொலைந்துபோச்சு" என்று மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். எனவே இரண்டு முனைகளும் நேரம் பிரித்து முறை வைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள். வைல்டுநெட் என்ற பெயரில் 2007-ல் கட்டுரையாக வந்தது.

எனக்குப் பிடித்தது அடுத்த வருடக் கட்டுரைதான். நெட்வொர்க்கை ஓடவைத்தபின் என்னென்ன கெட்டுப்போனது என்று எழுதியிருக்கிறார்கள். பெரிய வில்லன் காற்றில் இல்லை, பிளக் பாயின்ட்டில் இருந்தது! தென்னிந்தியக் கிராமப்புறக் கரண்டை அளந்து பார்த்தால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 70-க்குக் கீழே இறங்குகிறது, 350-க்கு மேலே ஏறுகிறது, கண் சிமிட்டும் நேரத்துக்கு 1000 வோல்ட் வரை எகிறுகிறது. கரண்ட் திடீர் திடீரென்று நின்று வந்ததில் மெமரி கார்டுகள் பாழாயின. குறை வோல்டேஜில் கருவிகள் அப்படியே உறைந்து நின்றன. கடைசியில் ரேடியோ ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் சோலார் கன்ட்ரோலர் செய்தார்கள். வோல்டேஜ் இறங்கினால் கருவியைத் துண்டித்து, சரியானதும் அதுவே திரும்ப இயக்குகிற ஏற்பாடு.

கம்பியா காற்றா என்று நாம் கேட்கிறோம். ஒயர்லெஸ் கருவிக்கும் ஒரு ஒயர் உண்டே, கரண்ட் ஒயர்!

ஆனால் வீடு டவர் இல்லை. 15 கி.மீ.க்குக் கம்பி இழுப்பது பைத்தியக்காரத்தனம், 15 மீட்டருக்கு இழுப்பது ஒரு மத்தியான வேலை. அதுவும் பூச்சுக்கு முன்னால் மட்டும். பூசியபின் அதே பைப்புக்குச் சுவரை உடைத்து, மறுபடி பூசி, பெயின்ட் அடித்து... காஸ்ட் அக்கவுன்டிங் படிக்காதவருக்கும் புரியும் கணக்கு.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். பாதிக் கதையில் கொட்டாவி விட்டார். இருந்தாலும் எலக்ட்ரீசியனிடம் மூன்று விஷயம் சொல்லிவிட்டார். கேட் கேமராவுக்கும் மாடிக்கும் தனி ஒயர். ஒவ்வொரு ஸ்விட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் (பல ஸ்மார்ட் ஸ்விட்ச்கள் அது இல்லாமல் ஓடாது), கூடவே ஒரு காலி பைப். ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் லைன். லைட், ஃபேனெல்லாம் ஒயர்லெஸ். சாதா ஸ்விட்சும் இருக்கட்டும் என்று சித்தி சேர்த்துக்கொண்டார். பூச்சு வேலை அடுத்த வாரம் ஆரம்பம்.