வாரம் என்னும் சொல்லும் மெத்தோட்ரெக்சேட்டும்

முடக்குவாதத்திற்கு உலகெங்கும் பெரும்பாலும் முதலில் தரப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். நோயெதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் இம்மருந்தின் தீவிளைவுகளைப் பட்டியலிடுவோர் கல்லீரல், நுரையீரல், எலும்பு மஜ்ஜை, கரு ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிடுவர். மருந்தியலைக் காட்டிலும் மொழியியலுக்கு நெருக்கமான ஆபத்து ஒன்றும் இதற்கு உண்டு. வாரம் ஒருமுறை உட்கொள்ள வேண்டியதை நாள்தோறும் உட்கொண்டு நோயாளிகள் இறந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அதன் காரணத்தை இம்மருந்தின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.

1895இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். (காதி அணிந்ததால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாமலே வெளியேறியவர்.) அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அவருடைய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது, பின்னர் அதன் வடிவை ஒத்து, அதன் பணியைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களையும் படைத்தது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை நாள்தோறும் ஊசிவழிச் செலுத்தி, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் தணிக்கலாம் என்று பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1948இல் காட்டினார். மெத்தோட்ரெக்சேட் அதன் உடன்பிறப்பு.

1951இலேயே ரிச்சர்ட் கப்னர் அமினோப்டெரினை முடக்குவாதத்தில் சோதித்துப் பயன் கண்டார். ஆயினும் அது கார்ட்டிசோனின் காலம். அதன் முந்தைய ஆண்டில்தான் கார்ட்டிசோன் ஆய்வுக்கு நோபல் பரிசு கிடைத்திருந்தது. மூட்டுநோய் மருத்துவம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வேறு திசையில் சென்றது. இடையில் சொரியாசிஸ் என்னும் தோல்நோய்க்கு மெத்தோட்ரெக்சேட்டைத் தந்த மருத்துவர்கள், குறைந்த அளவை வாரம் ஒருமுறை தரும் முறைக்கு வந்து சேர்ந்தனர். 1985இல் வெளியான ஆய்வுகள் அம்முறையை முடக்குவாதத்தில் நிறுவின. 1988இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

வார இடைவெளி வெறும் வசதிக்காக வகுக்கப்பட்டதன்று. இரத்தத்திலிருந்து விரைவில் வெளியேறும் இம்மருந்து, உயிரணுக்களுக்குள் நெடுநாள் தங்குகிறது. விரைந்து பெருகும் மஜ்ஜையும் வாய், குடல் ஆகியவற்றின் உட்சவ்வும் மீண்டெழ அவகாசம் தேவை. நாள்தோறும் உட்கொண்டால் அந்த அவகாசம் பறிபோகிறது: முதலில் வாய்ப்புண், பிறகு வெள்ளணுக்களின் வீழ்ச்சி, அதைத் தொடர்ந்து நோய்த்தொற்று.

இந்திய மருத்துவர்கள் சீட்டில் எழுதும் 1-0-1 குறியீட்டை இங்கே எண்ணிப் பாருங்கள். எம்மொழியினரும் புரிந்துகொள்ளத்தக்க அருமையான எழுத்துமுறை அது. காலை, மதியம், இரவு என மூன்றே இடங்கள். ஆனால் அதன் இலக்கணத்தில் நாளைவிடப் பெரிய காலஅலகு கிடையாது. ‘வாரம்’ என்பதைத் தனியே, பெரும்பாலும் ஆங்கிலத்தில், சேர்த்தெழுத வேண்டியுள்ளது. கண் அந்தச் சொல்லைத் தாண்டிச் சென்றால் எஞ்சுவது நாள்மருந்து. என் பார்வையில் இதனை நோயாளியின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்வது அநீதி.

மேலைநாடுகளிலும் இதே இடறல் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் 2000 ஏப்ரலில் நேர்ந்த ஒரு மரணம் முறையான விசாரணைக்கு உள்ளாயிற்று. ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் புதிய எச்சரிக்கைகளைப் பரிந்துரைத்தது. கிழமையின் பெயரையே சீட்டில் எழுதுவது இன்று வலியுறுத்தப்படும் வழி. அதிலும் திங்களைத் தவிர்ப்பது நல்லது என்பர்; கையெழுத்தில் ‘மண்டே’ என்பது ‘மார்னிங்’ எனப் படிக்கப்படலாம். தமிழில் ‘புதன்தோறும்’ என்று எழுதினால் ஒரே சொல்லில் கிழமையும் இடைவெளியும் அடங்கிவிடும்.

மருந்தே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. கட்டுப்படுத்தாத அழற்சி மூட்டுகளை நிலையாகச் சிதைக்கும். மஜ்ஜையையும் கல்லீரலையும் கண்காணிக்கக் குறித்த கால இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்வதும், கோட்ரைமோக்சசோல் போன்ற மருந்துகளைச் சேர்க்காமல் தவிர்ப்பதும் இன்றியமையாதவை. தீவிளைவுகளைத் தணிக்க ஃபோலிக் அமில மாத்திரையும் அதே சீட்டில் எழுதப்படுகிறது. சுப்பாராவின் குழு உருவாக்கிய பொருளும் எதிர்ப்பொருளும் இன்று பல வீடுகளில் ஒரே பெட்டியில், சில வேளை ஒரே மஞ்சள் நிறத்தில் இருக்கின்றன. இரண்டையும் மாற்றி உட்கொண்ட பிழைகளும் பதிவாகியுள்ளன.