கைபேசி கர்னலில் அணைத்து வைத்த வசதி

ஆண்ட்ராய்டு கைபேசி லினக்ஸ் கர்னலில்தான் ஓடுகிறது. ஆனாலும் நிரல்களைத் தனியாக அடைத்து ஓட்டும் லினக்ஸ் கன்டெய்னர் அதில் பெரும்பாலும் ஓடுவதில்லை. கைபேசிக்கு வலு போதாது என்பார்கள். வரலாறு வேறு சொல்கிறது. கன்டெய்னருக்கு வேண்டிய, வளங்களைப் பங்கிடும் சிகுரூப் 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. பயனர் அடையாளங்களைத் தனிமைப்படுத்தும் யூசர் நேம்ஸ்பேஸ் 2013இல் வந்த 3.8இல் முழுமை பெற்றது. வசதிகள் இருந்தன, கைபேசிக்காகக் கர்னலைக் கட்டியவர்கள் அவற்றில் சிலவற்றை அணைத்து வைத்தார்கள். எல்எக்ஸ்சி என்ற கன்டெய்னர் கருவியோடு வரும் எல்எக்ஸ்சி-செக்கான்ஃபிக் என்ற சிறு நிரலை ஓட்டினால் இது பளிச்செனத் தெரியும். கர்னலின் அமைப்புக் கோப்பைப் படித்து, ஒவ்வொரு வசதியின் பெயருக்கும் எதிரே உண்டா, இல்லையா என்று வரிவரியாகக் காட்டிவிடும். (அந்தக் கோப்பையே வெளியே காட்டாத கர்னல்களும் உண்டு, அதுவும் ஒரு பதில்தான்.)

பாதுகாப்புக்காகத்தானே அணைத்தார்கள் என்று கேட்கலாம். யூசர் நேம்ஸ்பேஸ் வழியாகக் கர்னல் ஓட்டைகள் பலமுறை சுரண்டப்பட்டது உண்மை. ஆனால் ரூட் உரிமை இல்லாமல் தனியாக உருவாக்கவே முடியாத, செயல்முறை எண்களைத் தனிமைப்படுத்தும் பிஐடி நேம்ஸ்பேஸையும் சேர்த்து அணைப்பதற்கு அந்த வாதம் போதாது. உபுண்டு டச் என்ற கைபேசி இயங்குதளத்தைப் பாருங்கள்: ஆண்ட்ராய்டுக்கென விற்ற கைபேசிகளில் கர்னலை மறுபடி கட்டி, ஆண்ட்ராய்டின் வன்பொருள் அடுக்கையே எல்எக்ஸ்சி கன்டெய்னருக்குள் அடைத்து ஓட்டினார்கள். 2025இல் பிக்சல் கைபேசிகளுக்குக் கூகுள் தந்த லினக்ஸ் டெர்மினலோ கன்டெய்னரை நம்பவில்லை. டெபியனை ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுகிறது.