பிராயச்சித்தம் முதல் விசா வரை: புனே குடும்பங்களின் ஐரோப்பியப் பயணம்

புனேயின் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஐரோப்பா இன்று பெரும்பாலும் உறவினர் வீடு இருக்கும் இடம். ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இங்கிலாந்திலோ வேலை பார்க்கும் மகனோ மகளோ அழைக்க, புனேயின் கோத்ரூட்டிலும் ஔந்திலும் வசிக்கும் பெற்றோர் புறப்படுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் தங்கி, பிள்ளைகளுடன் பாரிஸ், ரோம், வியன்னா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கணினித் தொழில் கொண்டுவந்த புது வழக்கமாக இது தோன்றலாம். ஆனால் இதற்குப் பின்னால் ஏறக்குறைய 240 ஆண்டு வரலாறு இருக்கிறது. கடல் கடக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்ற கேள்வி அந்த வரலாறு நெடுகிலும் வருகிறது. முதலில் சாதிச் சபையும், பிறகு ரிசர்வ் வங்கியும், கடைசியில் வெளிநாட்டுத் தூதரகமும் அந்த அனுமதியைத் தம் கையில் வைத்திருந்தன.

கடல் கடந்த தூதர்கள்

புனே மராட்டியப் பேஷ்வாக்களின் தலைநகராக இருந்தது. வேத பாடசாலைகளும் சாஸ்திரிகளும் நிறைந்த ஊர். கடற்பயணத்தைப் பாவங்களின் வரிசையில் வைத்தது பௌதாயன தர்மசூத்திரம். பிற்கால நூல்கள் அதைக் கலியுகத்தில் விலக்க வேண்டியவற்றுள் ஒன்றாகச் சேர்த்தன. நடைமுறையில் உறுத்தலாக இருந்தது கடலைவிடக் கப்பல் வாழ்க்கைதான். பிறர் சமைத்ததை உண்பதும், பிறர் தொட்ட நீரைக் குடிப்பதும், பல வாரம் ஆசாரம் காக்க முடியாமல் போவதும் சாதியை இழப்பதாகவே கருதப்பட்டன.

இந்தத் தடையை மீறிய முதல் முயற்சிகளில் ஒன்று அரசியலால் நேர்ந்தது. பேஷ்வா பதவிக்கு உரிமை கோரி ஆங்கிலேயரின் ஆதரவை நாடிய ரகுநாதராவ், 1781-இல் லண்டனுக்குத் தூதர்களை அனுப்பினார். அவர்களில் ஹனுமந்தராவ் என்ற பிராமணரும் மணியார் என்ற பார்சியும் இருந்தனர். லண்டனில் ஆசாரப்படி சமைத்து உண்ண இடமின்றித் தவித்த அவர்களைப் பாராளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் பீக்கன்ஸ்ஃபீல்டில் இருந்த தம் பண்ணை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே செடிகள் வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தை ஒழித்துக் கொடுத்தார். அவர்கள் அதிலேயே சமைத்து, தங்கள் முறைப்படி பூசையும் செய்துகொண்டார்கள். ஊர் திரும்பிய பிராமணத் தூதர் பொன்னால் செய்த யோனி வடிவத்தின் வழியே நுழைந்து வெளிவந்து, மறுபிறப்பு எடுத்ததாகக் கருதப்பட்ட பிறகே சாதியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். தமிழக அரசர்கள் செய்த இரணியகர்ப்பச் சடங்கை ஒத்தது இது. செலவு மிகுந்த இப்படிப்பட்ட பிராயச்சித்தம் சாதாரணக் குடும்பத்தால் ஆகக்கூடியதல்ல.

இரு பெண்களும் ஒரு தேநீர் விருந்தும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூரம் குறைந்தது. போர்காட் மலைப்பாதை 1863-இல் திறக்கப்பட, புனேயும் பம்பாயும் ரயிலால் இணைந்தன. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும், ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் போன பயணம் சில வாரங்களாகச் சுருங்கியது. பாதை திறந்தபோதும் ஊரின் மனம் திறக்கவில்லை.

1883-இல் புனேயோடு தொடர்புடைய இரண்டு பெண்கள் கடல் கடந்தார்கள். ஆனந்திபாய் ஜோஷி கல்கத்தாவில் கப்பலேறி, மருத்துவம் படிக்க அமெரிக்கா போனார். அப்போது அவருக்கு வயது 18. அவரைப் படிக்கத் தூண்டியவர் கணவர் கோபாலராவ் ஜோஷி. அதே ஆண்டில், புனேயில் ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கியிருந்த பண்டித ரமாபாய், சின்னஞ்சிறு மகள் மனோரமாவையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். வாண்டேஜ் நகரின் கன்னியர் மடத்தில் தங்கினார். அங்கே கிறிஸ்தவ மதத்தைத் தழுவினார். பிறகு செல்ட்டன்ஹம் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். இங்கிலாந்துப் பயணம் பற்றி மராத்தியில் அவர் எழுதியது, அம்மொழியில் ஒரு பெண் எழுதிய பயணக் குறிப்புகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

உறவினரைப் பார்ப்பதற்காக வெளிநாடு போகும் வழக்கத்தின் தொடக்கப் பக்கமும் இவர்களுடையதே. ரமாபாயும் ஆனந்திபாயும் உறவினர்கள். 1886 மார்ச் 11 அன்று ஃபிலடெல்ஃபியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் ஆனந்திபாய் பட்டம் பெற்றபோது, அந்த விழாவைக் காண ரமாபாய் இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து சென்றார். கணவர் கோபாலராவும் அமெரிக்கா வந்து சேர்ந்தார். அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. காசநோயுடன் திரும்பிய ஆனந்திபாய் 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் இறந்தார். 22 வயதுகூட நிறையவில்லை.

அடுத்த பூகம்பத்தைக் கிளப்பியவரும் கோபாலராவ்தான். 1890-இல் புனேயின் பஞ்ச் ஹௌத் கிறிஸ்தவ மிஷனில் நடந்த ஒரு கூட்டத்துக்கு ஊரின் பெரிய மனிதர்கள் அழைக்கப்பட்டார்கள். எல்லோருக்கும் தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. சிலர் குடித்தார்கள், சிலர் கோப்பையைத் தொட்டுவிட்டு வைத்தார்கள். வந்திருந்தவர்களின் பெயர்களைக் கோபாலராவ் பத்திரிகையில் வெளியிடச் செய்ததும் ஊர் கொதித்தது. மகாதேவ் கோவிந்த் ரானடே, பால கங்காதர திலகர் ஆகியோரும் அந்தப் பட்டியலில் இருந்தனர். வழக்கு சங்கராச்சாரியாரிடம் போனது. விசாரணைக்குக் குழு அமைக்கப்பட்டது. காசியில் பிராயச்சித்தம் செய்துகொண்டதாகத் திலகர் வாதிட்டார். ரானடே 1892-இல் பிராயச்சித்தம் செய்தார். சீர்திருத்த நண்பர்கள் அதற்காக வருந்தினார்கள். உள்ளூரில் ஒரு கோப்பைத் தேநீருக்கே இவ்வளவு என்றால், இங்கிலாந்தில் பல ஆண்டு உண்டு வந்தவரின் குடும்பத்துக்கு நேரக்கூடியதை எளிதில் ஊகிக்கலாம். தண்டனை பயணம் செய்தவரோடு நிற்கவில்லை. வீட்டுத் திருமணத்துக்குப் புரோகிதர் வரமாட்டார். பெண் கொடுக்க ஆள் இருக்காது.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். கேம்பிரிட்ஜ் அழைப்பை முதலில் மறுத்த கணித மேதை ராமானுஜன், குடும்பத்தின் மனம் மாறிய பிறகே 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறினார்.

படிக்கப் போன பிள்ளைகள், பின்னால் போன பெரியவர்கள்

இந்தத் தடையைச் சபையில் வாதிட்டு யாரும் உடைக்கவில்லை. புனேயின் ஃபெர்குசன் கல்லூரியைச் சுற்றியிருந்த குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்பி அனுப்பியே அதைத் தேய்த்துவிட்டன. கொங்கணத்தின் முர்டி கிராமத்தில் பிறந்த ரகுநாத் புருஷோத்தம் பராஞ்ஜபே, அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் சென்று, 1899-இல் கணிதத் தேர்வில் முதலிடமான ‘சீனியர் ராங்க்ளர்’ பட்டம் பெற்றார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர். திரும்பி வந்து ஃபெர்குசன் கல்லூரியின் முதல்வரானார். அவரைச் சாதியிலிருந்து ஒதுக்கி வைப்பதைவிட, தம் பிள்ளையும் அவரைப் போல வரவேண்டும் என்று விரும்புவதே புனேக்கு எளிதாக இருந்தது.

1920களின் இறுதியில் அதே குடும்ப வட்டத்தில் தந்தையும் மகளும் ஒரே சமயத்தில் இங்கிலாந்தில் இருந்தார்கள். பராஞ்ஜபே 1927 முதல் 1932 வரை லண்டனில் இந்தியா கவுன்சில் உறுப்பினர். மகள் சகுந்தலா கேம்பிரிட்ஜின் நியூன்ஹம் கல்லூரியில் கணிதம் படித்தார். பிறகு ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் வேலை பார்த்தார். அவருடைய மகளே திரைப்பட இயக்குநர் சாயி பராஞ்ஜபே.

பராஞ்ஜபேயின் உறவினரான மகரிஷி தோண்டோ கேசவ் கார்வேயின் குடும்பம் இன்னும் பரந்தது. அவர் மகன் தினகர் ஜெர்மனியில் வேதியியல் படித்துத் திரும்பியவர். 1928-இல் தினகர் தம் மனைவி இராவதியை மானிடவியல் படிக்கப் பெர்லினுக்கு அனுப்பினார். பெண்கல்விக்காகவே வாழ்ந்த மாமனாருக்கு இதில் சம்மதம் இல்லை. ஆயினும் மருமகள் போனார். பெர்லினில் ஆய்வை முடித்து முனைவர் பட்டத்துடன் திரும்பினார். பின்னாளில் டெக்கான் கல்லூரியில் பணியாற்றி, இந்தியாவின் முதன்மையான மானிடவியலாளர்களில் ஒருவரானார்.

மருமகள் பெர்லினில் படித்துக்கொண்டிருந்தபோதே மாமனாரும் கிளம்பினார். 1929 மார்ச்சில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட கார்வேக்கு வயது 70. மால்வர்னில் ஆசிரியர் மாநாடு, லண்டனின் காக்ஸ்டன் மண்டபத்தில் இந்தியப் பெண்கல்வி பற்றிய உரை, ஜூலை இறுதியில் ஜெனீவா, ஆகஸ்டில் டென்மார்க்கின் எல்சினோர் என்று ஐரோப்பாவில் பயணம் நீண்டது. பிறகு அமெரிக்காவையும் ஜப்பானையும் பார்த்துவிட்டு 1930 ஏப்ரலில் ஊர் திரும்பினார். அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினார். கென்யாவில் அவருடைய மற்றொரு மகன் சங்கர் மருத்துவராக இருந்தார். தாம் தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆதரவு திரட்டுவதே இந்தப் பயணங்களின் நோக்கம். என்றாலும், பிள்ளைகள் முன்னே போய்ப் பழக்கிய வழியில் மூத்த தலைமுறை பின்னே போகும் இன்றைய ஒழுங்கு இங்கேயே தெரிகிறது. 1932-இல் புனே ‘கேசரி’ ஆசிரியர் ந. சி. கேல்கரின் முயற்சியில் லண்டனில் மகாராஷ்டிர மண்டல் தொடங்கியபோது, போகிறவர்களுக்கு அங்கே ஊர்க்காரர்களின் இடம் ஒன்றும் கிடைத்தது.

மூன்று பவுன் காலம்

விடுதலைக்குப் பின் சாதிச் சபையின் பிடி போயிற்று, விமானமும் வந்தது. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் ‘மலபார் பிரின்சஸ்’ பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. புனேயில் 1950-இல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகமும், பெருகிவந்த இயந்திரத் தொழிற்சாலைகளும் இளைஞர்களை இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பின.

இப்போது தடை வேறு இடத்திலிருந்து வந்தது. 1957-58 அன்னியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் வெளிநாட்டுப் பயணம் இறுகக் கட்டுப்படுத்தப்பட்டது. விமானச் சீட்டு வாங்கவே ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் பெற்ற ‘பி-படிவம்’ வேண்டும். கையில் எடுத்துச்செல்ல அனுமதித்த பணம் மூன்று பவுன், அல்லது எட்டு டாலர் என்ற அளவில்தான் பல ஆண்டுகள் இருந்தது. அந்தப் பணத்தில் ஐரோப்பாவில் ஓர் இரவு தங்குவதே கடினம். எனவே போகிறவரின் உணவுக்கும் உறைவிடத்துக்கும் தாமே பொறுப்பு என்று அங்கே இருக்கும் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

உறவினரைப் பார்ப்பதும் ஊர் சுற்றுவதும் ஒரே பயணமாக இணைந்ததற்கு இந்தக் கட்டுப்பாடே முக்கியக் காரணம். வெளிநாட்டில் மகனோ தம்பியோ இல்லாத சாதாரண மனிதருக்கு ஐரோப்பா எட்டாத கனி. உறவினர் உள்ளவர் அவரை நம்பிப் போனார். போன இடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் பார்த்தார். அந்நாளைய முழுக்கட்டண விமானச் சீட்டில் வழியில் உள்ள நகரங்களில் இறங்கிப் பின்னர் பயணத்தைத் தொடர முடியும். லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ மகனைப் பார்க்கப் போன பெற்றோர் அந்த ஒரே சீட்டில் ரோம், ஜெனீவா, பாரிஸ் ஆகிய ஊர்களிலும் இறங்கினர். 1959-இல் வந்த யூரெயில் ரயில் பாஸ் இந்தச் சுற்றலை இன்னும் மலிவாக்கியது.

போக முடியாதவர்களுக்கு எழுத்து கைகொடுத்தது. பின்னாளில் புனேயிலேயே வாழ்ந்து மறைந்த பு. ல. தேஷ்பாண்டே, மனைவி சுனிதாவுடன் இங்கிலாந்தையும் ஐரோப்பாவையும் பார்த்துவிட்டு எழுதிய ‘அபூர்வாயி’ 1960-இல் வெளிவந்தது. இன்றுவரை மராத்தி வீடுகளில் வாசிக்கப்படுகிறது. புனேயில் பிறந்து லண்டனில் மருத்துவராக வாழ்ந்த மீனா பிரபு, ‘மாஜ லண்டன்’ தொடங்கிப் பல நாடுகளைப் பற்றி எழுதினார். தமிழில் ஏ. கே. செட்டியாரும் மணியனும் பயண நூல்களால் செய்த பணிக்கு ஒப்பானது இது.

கணினியும் ஷெங்கனும்

1990களிலிருந்து மூன்று கதவுகள் அடுத்தடுத்துத் திறந்தன. தாராளமயமாக்கலால் செலாவணிக் கட்டுப்பாடு தளர்ந்தது. 2004-இல் ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு 25,000 டாலர் வரை தனிநபர் வெளியே அனுப்பலாம் என்றது. 2015-இல் அது 2,50,000 டாலர் ஆயிற்று. ஐரோப்பாவில் 1995 மார்ச் 26 அன்று ஷெங்கன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2002 ஜனவரி 1 முதல் யூரோ நாணயம் புழங்கியது. அதுவரை நாட்டுக்கு நாடு விசாவும் பணமாற்றமும் தேவைப்பட்ட இடத்தில் ஒரே விசா, ஒரே நாணயம் என்றானது. இதே சமயத்தில் புனேயை ஒட்டிய ஹிஞ்சவடியில் மென்பொருள் பூங்கா வளர்ந்தது. மெர்சிடிஸ்-பென்ஸ், ஃபோக்ஸ்வாகன் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் புனேயைச் சுற்றித் தொழிற்சாலைகள் அமைத்தன. ரானடே இன்ஸ்டிட்யூட்டிலும் மாக்ஸ் முல்லர் பவனிலும் ஜெர்மன் கற்றவர்கள் வேலைக்குப் போனார்கள். 2008-இல் லுஃப்தான்சா புனேயிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் விட்டது. அந்தச் சேவை பிறகு நின்றுபோனது. புனேயின் நட்பு நகரமான ஜெர்மனியின் பிரேமன் பெயரில் ஔந்தில் ஒரு நாற்சந்தியே இருக்கிறது.

இன்றைய பெற்றோரின் விசாக் கோப்பைத் திறந்தால் இந்த வரலாற்றின் கடைசிப் படி தெரியும். பிள்ளையின் அழைப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், திரும்பும் சீட்டு எல்லாம் அதில் இருக்கும். ஜெர்மனி என்றால், பெற்றோரின் செலவுக்குத் தாமே பொறுப்பு என்று மகனோ மகளோ அங்குள்ள அலுவலகத்தில் கையெழுத்திட்டு வாங்கிய உறுதிமொழிப் பத்திரமும் சேரும். பி-படிவக் காலத்தில் இங்கே கேட்ட உறுதியை இப்போது அங்கே கேட்கிறார்கள். பெட்டியில் தாலிபீட்டுக்கான பாஜணி மாவு, கோடா மசாலா, பாகர்வடி, சிவ்டா. பர்க்கின் கண்ணாடிக் கூடத்தில் சமைத்தவர்கள் ஆசாரத்துக்காகச் சமைத்தார்கள். இவர்கள் கொண்டுபோவது பேரப்பிள்ளைகளுக்காக.

அனுமதி தருபவர் மாறிய ஒவ்வொரு முறையும் படிக்கவோ வேலைக்கோ போன ஒருவர் முன்னே நடந்தார். குடும்பம் பின்னே போனது. அந்த முன்னோடிகளில் ரமாபாய், ஆனந்திபாய், இராவதி, சகுந்தலா என்று பெண்கள் இத்தனை பேர் இருந்தது புனேயின் தனிப் பெருமை. இன்று ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் உள்ளன. குறுகிய கால விசாவில் அங்கே போகும் பெற்றோர் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம்.