கட்டம் போட்ட மெட்ராஸ்

தறியில் உட்காரும் நெசவாளருக்கு இரண்டே திசைதான். நீளவாட்டில் பாவு, குறுக்கே ஊடை. பூவும் அன்னமும் மயிலும் வேண்டுமென்றால் கூடுதல் நூல் வேண்டும், கூடுதல் விழுது வேண்டும், சில சமயம் பக்கத்தில் இன்னொரு ஆளும் வேண்டும். இதெல்லாம் இல்லாமல் வண்ணத்தோடு விளையாட நெசவாளர் கண்ட மலிவான வழி கட்டம்.

சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று நான்கு நிற நூலைப் பட்டை பட்டையாகப் பாவில் ஓட்டி, ஊடையிலும் அதே நான்கை அதே வரிசையில் போட்டால், துணியில் தெரிவது நான்கு நிறமல்ல. சிவப்பும் சிவப்பும் சந்திக்கும் சதுரம் அசல் சிவப்பாக இருக்கும். சிவப்பு நீலத்தைச் சந்திக்கும் இடம் கத்தரிப்பூ நிறம், மஞ்சளைச் சந்திக்கும் இடம் செம்மஞ்சள், வெள்ளையைச் சந்திக்கும் இடம் வெளிர்சிவப்பு. அசல் நான்கு, கலப்பு ஆறு, ஆக மொத்தம் பத்து. இன்னொரு நிறத்தைச் சேர்த்தால் கணக்கு பதினைந்துக்குப் போய்விடும். சாயக்காரருக்குக் கொடுத்தது, வெள்ளை நீங்கலாக, நான்கு சாயத்துக்கான கூலிதான்.

உழைப்பு கேட்கிற இடம் வேறு. பாவு ஓட்டும்போதே ஒவ்வொரு பட்டைக்கும் இழையை எண்ணியாக வேண்டும். இரண்டு இழை கூடிவிட்டால் அந்தப் பிழை துணியின் கடைசி முழம்வரை கூடவே வரும். ஊடையில் நிறத்துக்கு ஒரு நாடா. நிறம் மாறும்போதெல்லாம் கையிலிருப்பதை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும் என்பதால், வெள்ளைத்துணி நெய்பவரின் வேகம் கட்டம் நெய்பவருக்கு வராது. அடியும் ஒரே சீராக விழ வேண்டும். காலையில் இறுக்கி அடித்து, மாலையில் கை தளர்ந்தால் சதுரம் செவ்வகமாகிவிடும். கட்டத்துணி எளிய துணி என்று சொல்பவர்கள் தறிக்குழியில் இறங்கிப் பார்க்காதவர்கள்.

இந்தத் துணிக்குக் கடலுக்கு அப்பால் முதலில் நிலைத்த பெயர் மெட்ராஸ் அல்ல, பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே உள்ள அந்த ஏரித் துறைமுகத்தில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். அவர்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும்; அவை விளைந்த கிழக்குத் தீவுகளின் மக்கள் அவற்றுக்கு ஈடாகக் கேட்டது சோழமண்டலக் கரைத் துணி. வெள்ளியைக் காட்டினால் அசையாத வியாபாரம் துணியைக் காட்டினால் நடந்தது. அதுவும் ஏதோ ஒரு துணியல்ல. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு ரசனை. கரையின் அகலமோ நிறமோ சற்று மாறினாலும் மூட்டை விற்காமல் தேங்கியது. அதனால் மாதிரித் துண்டுகளைக் கப்பலில் கொண்டுவந்து, அதேபோல் நெய்து தரச் சொல்லித் தரகர்கள் வழியாக நெசவாளர்களிடம் கொடுத்தார்கள். சோழமண்டலக் கரையின் நெசவூர்களில் உட்கார்ந்து, பார்த்தறியாத ஒரு தீவின் ரசனையைப் படிக்கப் பழகியிருந்தார்கள் நெசவாளர்கள். இன்றும் இந்தோனேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு ‘சாரோங் பலேகாட்’ என்றும், மலேசியாவில் ‘காயின் பெலிகாட்’ என்றும்தான் பெயர்.

ஆங்கிலேயர் வந்து சேர்ந்ததும் துணிக்காகத்தான். 1639இல் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்து மணற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு, அங்கே துணி மற்ற இடங்களைவிட மலிவு என்பது ஒரு முக்கியக் காரணம். மற்றபடி அங்கே நல்ல துறைமுகம்கூட இல்லை. கோட்டை எழுந்த பிறகு நெசவாளர்களைப் பக்கத்தில் குடிவைக்கும் வேலை நடந்தது. கவர்னர் காலெட்டின் காலத்தில் திருவொற்றியூருக்கு அருகே உருவான குடியிருப்பு அவர் பெயரால் காலடிப்பேட்டை ஆனது. 1734இல் உருவான சிந்தாதிரிப்பேட்டையும் தறிக்காரர்களுக்காக அமைந்த பேட்டைதான்.

கட்டத்துணியின் உயிர் சாயத்தில் இருந்தது. நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்குச் சாயவேர். கடலோர மணலில் தானாக முளைக்கும் சிறு செடியின் நீண்டு மெலிந்த வேர்தான் சாயவேர். இலங்கையின் வடக்குக் கரையில் அதைத் தோண்டும் உரிமையையே டச்சுக்காரர்கள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள் என்றால் அதன் மதிப்பு புரியும். நூலை எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் மாறி மாறி ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, பிறகு வேர்ச்சாயத்தில் போடுவார்கள். ஒரு நல்ல சிவப்பு கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த எண்ணெய் வாடை துணியைவிட்டு எளிதில் போகாது. மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையில் வாங்குபவர்கள் துணியை மூக்கருகே கொண்டுபோய்த்தான் அசலா போலியா என்று முடிவு செய்தார்கள். 1860களின் இறுதியில் ஜெர்மன் வேதியியலாளர்கள் அலிசரின் என்னும் சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். 1897இல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டும் தொழில் அதோடு படுத்துவிட்டது.

ஸ்காட்லாந்துப் படையினரின் கட்டம் போட்ட டார்ட்டனைப் பார்த்துத்தான் நம் நெசவாளர்கள் கட்டம் நெய்யக் கற்றார்கள் என்று ஒரு கதை அடிக்கடி எழுதப்படுகிறது. ஸ்காட்லாந்துக்காரர்களின் ரசனைக்கேற்பச் சில வடிவங்கள் பின்னால் சேர்ந்திருக்கலாம். ஆனால் பழவேற்காட்டின் பெயரைக் கட்டக் கைலிக்கு வைத்த ஜாவாக்காரர்களுக்கு டார்ட்டனைப் பற்றி என்ன தெரியும்?

மதராஸ் கைக்குட்டை என்று பெயர் பெற்ற துணி 36 அங்குலச் சதுரம். மூக்குத் துடைக்கும் குட்டையல்ல. தலையில் கட்டவும் தோளில் போடவும் ஆன துணி. அது அட்லாண்டிக் கடலைக் கடந்த வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கக் கொண்டுபோன சரக்குகளில் இந்தியத் துணிக்கு முக்கிய இடம் இருந்தது. அந்த அடிமைகளைக் கொண்டுபோய் இறக்கிய கரீபியன் தீவுகளிலும் அதே துணி வந்து இறங்கியது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் கறுப்பினப் பெண்களின் தலைக்கட்டாக அது ஊன்றியது. லஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் 1880களின் இறுதியில் மார்த்தினிக்கில் தங்கியிருந்தபோது, அங்கே ஒரு தனித்தொழிலே நடப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார். வந்த துணியின் மஞ்சள் அந்தப் பெண்களுக்குப் போதவில்லை. அதனால் குரோம் மஞ்சளைப் பிசினோடு கலந்து, கட்டங்களுக்குள் தூரிகையால் கைப்படத் தீட்டிக் கொடுப்பதற்கென்றே பெண்கள் இருந்தார்கள். தீட்டிய துணிக்கு மவுசு கூடுதல். அதைத் துவைக்க முடியாது என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1853இல் ‘ஒரேலி’ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக முதல் இந்தியர்களை மார்த்தினிக்கில் இறக்கியது. அந்தத் தீவுகளுக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு முன்பே அவர்கள் ஊர்க் கட்டம் அங்கே தலையேறியிருந்தது.

எல்லோரையும் மிஞ்சியவர்கள் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள். மெட்ராஸ் கட்டத்துணியை அவர்கள் ‘இஞ்சிரி’ என்பார்கள். பிறந்த குழந்தைக்கும் இஞ்சிரி, இறந்தவரைக் கிடத்தும் அலங்கார அறையிலும் இஞ்சிரி. வாங்கிய துணியை அப்படியே கட்டிக்கொள்வதோடு அவர்கள் நிற்கவில்லை. கலபாரிப் பெண்கள் துணியை மடியில் போட்டு, ஊசி முனையால் குறிப்பிட்ட இழையைத் தூக்கி, சவர பிளேடால் வெட்டி, உருவி எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் வெளிர் நிற இழைகள் போகும், அடர் நிற இழைகள் நிற்கும். ஒன்று விட்டு ஒன்று என்று எண்ணி எண்ணி எடுத்த பிறகு பார்த்தால் பழைய கட்டத்துக்குள் வேறொரு வடிவம் தெரியும். துணி காற்றோட்டமாகி வலைபோலத் தொங்கும். பிழையாக ஒரே ஒரு இழையை வெட்டினால் வாங்கிய காசு போயிற்று. ‘பெலெதே பிதே’ என்று அவர்கள் அழைக்கும் இந்த வெட்டுத்துணியை ஜோஆன் ஐக்கர், டோன்யே எரெகோசிமா ஆகிய ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நம்மூர் நெசவாளர் ஒரு இழை அறுந்தாலே தறியை நிறுத்தி முடிச்சுப் போடுபவர். அவர் எண்ணி வைத்த இழைகளைக் கடலுக்கு அப்பால் ஒரு பெண் எண்ணி எடுக்கிறாள். தறிக்கு வெளியே நடந்த இந்த வேலையையும் நெசவின் நீட்சியாகவே பார்க்க வேண்டும். இருவர் கையும் படாமல் அந்த வடிவம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் நடந்தது ஏறக்குறைய ஒரு விபத்து. பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் அப்போது கைத்தறி ஏற்றுமதியில் இருந்தார். 1958இல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் அவரிடம் மெட்ராஸ் கட்டத்துணி வாங்கிப்போய், நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றாராம். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வழியிலேயே எங்கோ தொலைந்துபோனது. சட்டைகள் சலவை இயந்திரத்துக்குள் போயின, சாயம் ஓடியது, புகார்கள் குவிந்தன. வழக்குவரை போகவேண்டிய விஷயத்தை விளம்பரக்காரர்கள் தலைகீழாகத் திருப்பினார்கள்: சாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்தே விற்றார்கள். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுச் சட்டை என்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் வாங்கிக் குவித்தார்கள். சொல்லச் சொல்ல மெருகேறிய கதைதான் இது; ஆனால் ‘சாயம் போகும் மெட்ராஸ்’ அறுபதுகளில் அங்கே பெரிய மோகமாக இருந்தது உண்மை. பட்டைகள் ஒன்றோடொன்று கசிந்து கலந்தபோது, தறியில் எண்ணி வைத்த பத்துச் சாயல்களும் கணக்கில்லாமல் பெருகின. வெவ்வேறு கட்டத்துணிகளை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்த கோட்டுகளும் பிறகு வந்தன.

மோகம் தணிந்ததும் சாயம் போகாத துணியையே சந்தை மறுபடி கேட்டது. இன்று குடியாத்தமும் குறிஞ்சிப்பாடியும் லுங்கிக்குப் பேர்போன ஊர்கள். விசைத்தறியோடு மல்லுக்கட்டியபடிதான் கைத்தறி லுங்கி பிழைக்கிறது. ஜாவாவின் பெக்கலோங்கான் பக்கத்து ஆலைகள் தங்கள் பலேகாட்டைத் தாங்களே நெய்துகொள்கின்றன. பழவேற்காட்டுக்கு இப்போது போகிறவர்கள் ஏரியையும் பறவைகளையும் டச்சுக் கல்லறைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.